நான் தொலைத்த சாவியும் மாரியம்மா செய்ததும்

என் வீட்டுக்காரரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நான் தினமும் கொழுந்து பறிக்கப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயில் மாரியம்மா செய்த நன்மையைச் சொல்ல வந்த இடத்தில் என் குற்றத்தை மட்டும் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இருப்பது கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவர் கொழும்பில் கட்டட வேலை செய்தவர். நான்கு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. உயிர் பிழைத்தார், உடம்பும் தேறியது. ஞாபகம்தான் முழுதாகத் திரும்பவில்லை. சாப்பிடுவார், நடப்பார், என்னைத் தெரியும். வழி தெரியாது. ஒரு நாள் காலையில் வெளியே போனவரைப் பின்னேரம் உடப்புசல்லாவை ரோட்டில் ஒரு லொறிக்காரர் ஓரமாக உட்கார வைத்திருந்தார். "கொஞ்சத்துல தப்பிச்சாருங்க" என்றார் அந்த மனிதர். மறுநாளே பூட்டு வாங்கினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் மலைக்குப் போகாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பத்தில் சாவி பக்கத்து வீட்டுக் கமலா அக்காவிடம் இருந்தது. அக்கா பென்ஷன் வாங்கி வீட்டோடு இருப்பவர். வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும் எங்கள் லயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். அக்கா இடையில் இரண்டு தரம் திறந்து, தேத்தண்ணி கொடுத்து அவரைப் பார்த்துக்கொள்வார். ஒன்றரை வருடம் எந்தக் குறையும் இல்லை.

பிறகு ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் அக்கா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "புருசன மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி பூட்டிட்டுப் போறா, பாவம் அந்த மனுசன்." அவ்வளவுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது இன்னும் நீண்டது. அக்காவின் செத்துப்போன புருஷனைக்கூட இழுத்துப் பேசிவிட்டேன். நேராக அவர் வீட்டுக்குள் போய் ஆணியில் தொங்கிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "இனிமே ஒங்க கையால ஒரு வாய் தண்ணி குடிச்சா என்னான்னு கேளுங்க" என்றும் சொன்னேன்.

அந்த வாரமே டவுனுக்குப் போய் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பெரிய பூட்டாகக் கேட்டு வாங்கினேன். "இத ஒடைக்க ஏலாது தங்கச்சி, கல்லால அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்கார நானா. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்பக்கம் அடுப்பு எரிக்கும் குசினியின் கதவையும் ஆணி அடித்து மூடினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த ஒரே சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கொழுந்தெடுக்கும்போது சேலைக்கு மேல் சுற்றிக் கட்டும் படங்கின் கயிற்றில் அதை முடிந்துகொள்வேன். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும், நினைப்பு சாவியில் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்தாலும் இடையில் எழுந்து தடவிப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலில் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே அம்மாவைக் கும்பிட்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை இல்லாமல் மலையெல்லாம் காய்ந்து கிடந்தது, காற்று வேறு. எங்களை ஆக மேலே இருக்கும் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். லயத்திலிருந்து ஏறிப்போக முக்கால் மணி நேரம் ஆகும். காலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் இடுப்பைத் தொட்டேன். கயிறு இருந்தது. முடிச்சு இருந்தது. சாவி இல்லை.

கூடையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கொழுந்தைக் கையால் அலசினேன். வந்த நிரையிலேயே திரும்பி ஓடி, தேயிலைத் தூருக்குத் தூர் குனிந்து பார்த்தேன். கங்காணி மேலே நின்று, "கொழுந்து எடுக்க வந்தியா, சாவி எடுக்க வந்தியா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "தாயே, மாரியாத்தா, சாவியக் காட்டு. சாவி கெடச்சா இந்தத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வாய்விட்டே வேண்டினேன். மண்ணைக் கிளறிக் கிளறி நகக்கண்ணில் இரத்தம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒருத்தி கையை நீட்டினாள். "அங்க பாருங்க, கீழ பொக வருது."

அடுப்புப் புகை அப்படி இருக்காது. கறுப்பாகச் சுருண்டு சுருண்டு வந்தது. எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான். பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் பிடித்தால் மற்ற வீட்டுக்குப் போக நெருப்புக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. எங்கள் வீடு ஏழாவது, கமலா அக்கா வீடு எட்டாவது.

கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். பாதையில் போகவில்லை, தேயிலைக்குள் விழுந்து ஓடினேன். கவ்வாத்து வெட்டிய கிளைகள் காலைக் கிழித்தன. இடுப்பில் சாவி இல்லை என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. போய் என்ன செய்யப் போகிறேன்? அவருக்குப் பயம் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். சத்தம் போடத் தெரியாது. வெளியே பூட்டுத் தொங்கும் வீட்டைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஆள் இல்லை என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பூட்டைத் தேடித்தேடி வாங்கியவள் நான். ஆணி அடித்தவளும் நான்.

பாதி இறக்கத்தில் கால் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அங்கேயே மண்ணில் கிடந்து சொன்னேன். "ஆத்தா, எனக்கு சாவி வேணாம். யாரு கையாலயாச்சும் அவர வெளிய எடுத்துரு. யாரு கையா இருந்தாலும் சரி."

அப்படிச் சொன்னபோது கமலா அக்காவின் முகம்தான் என் முன்னால் வந்து நின்றது. பகலில் லயத்தில் இருப்பவர்களில், என் வீட்டுக்காரர் உள்ளே இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அக்கா. எவளிடமிருந்து சாவியைப் பிடுங்கினேனோ அவளைத்தான் அம்மா காட்டுகிறாள். எனக்குச் சங்கடமாக இல்லை. "சரி தாயே, அவ கையாலயே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான் லயத்துக்கு வந்தபோது முதல் ஐந்து வீடும் கூரை இறங்கிவிட்டன. ஆம்பிளைகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது வீட்டுக் கூரையில் நெருப்பு ஏறியிருந்தது. எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. கல்லால் அடித்த காயம் அதில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நானா சொன்னது உண்மைதான், அது உடையவில்லை.

நான் அந்தப் பூட்டைக் கையால் பிடித்து இழுத்தேன். சுட்டது. விடவில்லை. "உள்ளுக்க ஆள் இருக்கு, உள்ளுக்க ஆள் இருக்கு" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். யாரோ இரண்டு பேர் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பீலிப் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள்.

அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி. கையில் ஒரு டம்ளர் தேத்தண்ணி. பக்கத்தில் கமலா அக்கா இரண்டு கையையும் சீலைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி சிவந்திருந்தது.

நடந்தது இதுதான். அக்கா சொல்லித்தான் எல்லோரும் பூட்டை அடித்திருக்கிறார்கள். அது உடையாமல் திணறியபோது அக்கா தன் வீட்டுக் குசினிக்குள் ஓடியிருக்கிறார். எங்கள் இரண்டு குசினிக்கும் நடுவில் வெறும் தகரம்தான். மண்வெட்டியால் அதைக் குத்தி, கையாலேயே வளைத்துப் பிரித்து, புகைக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறார். அக்காவுக்கு அவரை இழுக்கப் பலம் இல்லை. அப்போது அக்கா சாதாரணமான குரலில் சொன்னாராம், "தம்பி, தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். ஆறிப் போகுது, வாங்க." ஒன்றரை வருடம் தினமும் பத்து மணிக்குக் கேட்ட குரல். அவர் மெதுவாக ஊர்ந்து வந்து அந்த ஓட்டை வழியாக அக்கா வீட்டுக்குள் வந்துவிட்டார்.

"வெளிய வந்ததும் தேத்தண்ணி எங்கன்னு ஒரே பிடிவாதம்" என்றார் அக்கா என்னைப் பார்த்து. "யாரு வீட்டுலயோ வாங்கிக் குடுத்தேன். சீனி பத்தாதாம்."

நான் அக்காவின் மடியில் விழுந்தேன். மூன்று மாதம் கழித்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை எனக்கே ஞாபகம் இல்லை. அழுகைதான் ஞாபகம் இருக்கிறது. ஏழு வீடு போய்விட்டது. ஓர் உயிரும் போகவில்லை.

அன்பான அடியார்களே, சாவி கிடைத்தால் பால்குடம் என்றுதான் நான் வேண்டினேன். சாவி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் பங்குனித் திருவிழாவில் பால்குடம் எடுத்தேன். அம்மா அந்தப் பூட்டைத் திறக்கவே இல்லை. கதவில்லாத இடத்தில் வழி செய்தாள். சந்நிதிக்கு முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். தையல் போட்ட கையால் அக்கா என் முதுகில் ஒன்று வைத்து, "போதும், நடங்க, பின்னால கூட்டம் தள்ளுது" என்றார்.

இப்போது தற்காலிகத் தகர வீட்டில் இருக்கிறோம். அவர் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டுவதில்லை. நாங்கள் நான்கு பெண்கள் பேசி முறை வைத்து அவரைப் பார்த்துக்கொள்கிறோம். பஸ் கண்டக்டரிலிருந்து கங்காணி வரைக்கும் அவர் நிலையைச் சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் நழுவிப் போய்விட்டார். கண்டக்டரே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

உங்களிலும் யாராவது இப்படி ஓர் ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். அம்மாவிடம் அழுங்கள். இதைத்தான் கொடு என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவள் யாரை அனுப்பினாலும் முகத்தைத் திருப்பாதீர்கள். மனசு ஆறாவிட்டால் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வாருங்கள். நானும் அக்காவும் வாசல் படியில்தான் உட்கார்ந்திருப்போம். அவரும் எங்களோடு இருப்பார். யாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க மாட்டோம்.