முப்பத்தொன்பது டிகிரி வெயிலில் கைலாசநாதர் கோயில்: பழைய கார் ஏசியும் ஒரு பட்டு இழையும்

இந்தப் பயணத்தை மே மாதத்தில் வைத்ததற்கு என்னைத் திட்டாத ஆளில்லை. மார்கழியில் போனால் காஞ்சிபுரம் ஓடியா போய்விடும் என்று என் அக்காவே கேட்டாள். காஞ்சிபுரம் ஓடாது, சரி. மார்கழிவரை என் கணவரின் கால்கள் தாங்குமா என்பதற்கு மருத்துவரிடமே பதில் இல்லை. அதனால்தான் மே இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினோம்.

என் கணவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். மூன்று வருடமாக நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. குளிர்ச்சியாக இருந்தால் கைத்தடியோடு நடப்பார். கைலாசநாதர் கோயில் மாடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வண்ணப் பூச்சை இன்னொரு முறை, தன் காலில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

எங்கள் கார் 1993 மாடல். கதவு அகலமாகத் திறக்கும், இருக்கை உயரமும் அவருக்குத் தோது என்பதால் விற்கவில்லை. ஏசிதான் தீராத தலைவலி. அந்தக் காலத்து ஆர்12 கேஸ் இப்போது கிடைப்பதில்லை. ஏழு வருடம் முன்பு 134ஏ கேஸுக்கு மாற்றினோம். அதிலிருந்து கார் ஓடினால் சுமாராகக் குளிரும், சிக்னலில் நின்றால் இட்லிப் பானை மூடியைத் திறந்த கதைதான். ஒவ்வொரு கோடையிலும் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றுங்கள் என்று மெக்கானிக்குகளை நச்சரிப்பது என் வழக்கம்.

காலை 7.10க்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரகடத்தில் லாரிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றோம். ஏசி துவாரத்தில் நான் செருகி வைத்திருக்கும் வெப்பமானி 21 டிகிரி காட்டியது; பத்துக்குள் இருந்தால்தான் கார் குளிரும். 9.30க்குக் கோயில் வாசலில் அவர் இறங்கப் பார்த்தார், முழங்கால் மடங்கிவிட்டது. நானும் பூ விற்கும் அம்மாவும் தாங்கிப் பிடித்து மறுபடி உட்கார வைத்தோம். பரவாயில்லை, இங்கிருந்தே கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் காரைக் கொளுத்தியிருப்பேன்.

நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் தயாளன் என்பவர் கார் ஏசி பார்ப்பார் என்று பூக்காரம்மாதான் வழி சொன்னார். ஐந்து நிமிடத்தில் தயாளன் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே மனைவியும் தம்பியும் தறியில். வாசலில் இவர் கார் ஏசி வேலை. என் கணவரை தயாளனின் மனைவி முன்னறைக்கு அழைத்துப்போய் ஏசியைப் போட்டுப் படுக்க வைத்தார். ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி ஓடுவதை அன்றுதான் பார்க்கிறேன்.

முதலில் கேஸ் ஏற்றுங்கள் என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். தயாளன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தறியிலிருந்து மிஞ்சிய ஒற்றைப் பட்டு இழையை எடுத்து வந்தார். கண்ணை இடுக்கினால்தான் தெரியும், அவ்வளவு மெல்லியது. இன்ஜினை ஓடவிட்டு, காரின் முன்பக்கம், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் ஓரத்தில் அதைப் பிடித்தார். உள்ளே இழுக்கப்பட வேண்டிய இழை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு ஆடியது.

“காத்து உள்ள போவணும்மா. இது திரும்பி வந்துக்கினு இருக்குது பாருங்க,” என்றார். “இன்ஜின் சூடு சந்து வழியா வெளிய வந்து, மறுபடி அதுலயே பூந்துக்கினு சுத்துது.”

எப்படி இப்படி ஒரு யோசனை என்று கேட்டேன். தறி ஓடும் வீட்டில் காற்று எங்கிருந்து வந்தாலும் தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு இழை முதலில் சொல்லிவிடும், அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள் என்றார். ஏழு வருடத்தில் எத்தனை பணிமனை, எத்தனை பிரஷர் மீட்டர். ஒருவருக்கும் அகப்படாததை ஒரு நூல் காட்டிக்கொடுத்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதுதான் உண்மை.

பழைய கேஸைவிட இந்தக் கேஸுக்கு கண்டென்சர் அதிகச் சூட்டை வெளியேற்ற வேண்டுமாம். அதனால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இருந்த சந்துகளை ரப்பர் ஃபோம் வைத்து அடைத்தார். முன்னால் ஒரு மின்விசிறி கூடுதலாகப் பொருத்தினார். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர் வால்வு சரியாக மூடாமல் கிடந்தது, அதையும் மாற்றினார். கடைசியாக கேஸ். இருந்ததை முழுக்க எடுத்துவிட்டு, சிலிண்டரைப் பட்டு நிறுக்கும் தராசில் வைத்து 640 கிராம் மட்டும் ஏற்றினார். என் காருக்குப் பழைய கேஸின் அளவு 800; இந்தக் கேஸ் அதைவிடக் குறைவாகத்தான் வேண்டும், கூடினால் குளிராது என்றார். நான் இத்தனை வருடம் காசு கொடுத்து ஏற்றியதெல்லாம் குளிரைக் கெடுக்கத்தான் என்று தெரிந்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மதியம் 3.40. வெளியே 39 டிகிரி. நின்ற காரில் வெப்பமானி 21லிருந்து இறங்கி, பத்து நிமிடத்தில் 8க்கு வந்தது. என் கணவரை உள்ளே உட்கார வைத்து, குளிர்ந்த காரிலேயே கோயிலுக்குப் போய் 5 மணிவரை வெயில் தாழக் காத்திருந்தோம். பிறகு அவர் கதவைத் திறந்து, தடியை ஊன்றி எழுந்தார். கால் நின்றது. மணற்கல் சிங்கங்களைக் கடந்து, மாடம் மாடமாக நடந்து, ஒரு விரற்கடை அளவுக்குத் தப்பிப் பிழைத்திருந்த சிவப்பு வண்ணத்தின் முன் நின்றுவிட்டார். ஆயிரத்து முந்நூறு வருடச் சிவப்பு. இருபது நிமிடம் தன் காலிலேயே நின்று பார்த்தார்.

இதேபோல் கேஸ் மாற்றிய பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: ஓடும்போது குளிர்ந்து நின்றால் சுடுகிறது என்றால், கேஸ் கேட்பதற்கு முன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கேஸை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். பழைய அளவில் எண்பது சதவீதத்தில் தொடங்கலாம். எனக்கு ஆன செலவு: விசிறி 2,400, ஃபோம் 150, வால்வு 380, கேஸ் 900, கூலி 1,200, மொத்தம் 5,030 ரூபாய். கோயில் நடை மதியம் சாத்தி 4 மணிக்குத் திறக்கிறது. வெயில் காலத்தில் கல்தரை சுடும், காலுறை எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது ஒரகடத்தில் மறுபடி லாரி வரிசை. அரை மணி நேரம் அசையவில்லை. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண் திறக்காமலேயே என் புடவைத் தலைப்பை இழுத்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டார்.

“கொஞ்சம் குறைச்சு வைம்மா,” என்றார். “குளிருது.”