எனக்கு பி.காம். விற்க வந்த போன்

இன்று சாயங்காலம் ஆரணியில் தேவிகாபுரம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரு போன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஆன்லைன் பி.காம். பற்றி அவர்களிடம் நேற்று விசாரித்திருந்தேன்.

"வீட்ல இருந்தே படிக்கலாம், வீட்ல இருந்தே எக்ஸாம் எழுதலாம். இன்னைக்குத்தான் கடைசி நாள் மேடம்."

பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறவள் நான். இந்த 'கடைசி நாள்' எனக்குப் பழகினதுதான்.

"ஆன்லைன்ல நடத்த உங்களுக்கு பர்மிஷன் இருக்குதாங்க? கவர்மென்ட் லிஸ்ட்டத்தான் பாத்துகினு இருக்கேன். உங்க பேரையே காணோமே?"

"எங்க ஸ்டேட்ல நாங்க ரொம்ப ஃபேமஸ் மேடம்."

"இருந்துட்டுப் போங்க. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல இந்த டிகிரி செல்லாதுன்னா நான் என்னா பண்றது?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அந்த லிஸ்ட்ட எனக்கு அனுப்புறீங்களா? நானும் இங்கதான் ஆன்லைன்ல எம்.பி.ஏ. படிச்சிகினு இருக்கேன்."

மேடமாக இருந்த நான் அக்கா ஆகிவிட்டேன். பேச்சும் நம்ம பக்கத்துப் பேச்சு. சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் அவளுக்கு இது இரண்டாவது வருஷமாம்.

லிஸ்ட்டையும், புகார் கொடுக்கும் இணையப் பக்கத்தையும் அனுப்பினேன். நான் இறங்குவதற்குள் பதில் வந்தது: "பேர் இல்லக்கா. கம்ப்ளைண்ட் போட்டுட்டேன்."

அனுமதி உள்ள நல்ல ஆன்லைன் கல்லூரி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். இரண்டு அட்மிஷன் உறுதி.