சாமி அலுமாரியும் ஹீட்டரும்

நான். மனுசி. மகள். மகளின் பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான். மருமகன், கையில் கார்த் திறப்போடு, அவர் பாஷையில் சாவி. அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்.

நடைச் சுவரில் கையளவுப் பெட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று அது காட்டும். அன்று பதின்மூன்று காட்டியது. மெல்பேர்னில் ஆடி மாதம் குளிர்காலம். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றிலிருந்தே ஹீட்டர் விட்டுவிட்டு வேலை செய்தது. அன்று காலை முழுதாகக் கைவிட்டது.

"ரூம் இருபதுக்குக் கீழ போக விடாதீங்கன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க மாமா," என்றார் மருமகன். அவர் இந்தியா. "மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா நாங்க பொயிண்ட் குக் போயிடறோம். அம்மா அங்க எல்லாம் ரெடி பண்ணி வெச்சுட்டாங்க."

பொயிண்ட் குக்கில் அவருடைய தாய் தகப்பன் வீடு. புது வீடு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிழையாகவும் சொல்லவில்லை. அறையில் ஒரு சின்ன ஹீட்டர் ஓடியது. பிள்ளை தூங்கும்போது அதைப் போட்டுவிடக் கூடாது என்றும் அதே நர்ஸ் சொல்லியிருந்தாள். பிள்ளை முழுநாளும் தூங்கியது.

போனால் துடக்குக் கழிகிறவரை வரமாட்டார்கள். பிள்ளை பிறந்தால் எங்களுக்கு ஒரு மாதம் துடக்கு. கோயில் இல்லை. சாமிக்கு விளக்கு இல்லை.

மகள் பிறந்தபோது நான் இந்த நாட்டில். அவர்கள் ஊரில். நான் முதன்முதல் கண்டபோது அவளுக்கு ஆறு வயது. விமான நிலையத்தில் எனக்குக் கை தந்தாள். கைப்பிள்ளையாக அவளை நான் தூக்கியதில்லை. இந்தப் பிள்ளை போகக் கூடாது என்று நினைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

குசினிக் குழாயைத் திறந்தேன். சுடுதண்ணீர் வந்தது. அதுவும் காஸில்தான் ஓடுகிறது. அப்படியென்றால் காஸ் இருக்கிறது.

பின்பக்கம் போனேன். ஹீட்டரின் பெரிய பெட்டி வெளிச்சுவரோடு நிற்கிறது. பிளக்கைக் கழற்றினேன். கொஞ்சம் பொறுத்துக் கொழுவினேன். டிக் டிக் டிக் என்றது. பொக்கென்று நெருப்புப் பிடித்தது. காற்றாடி சுற்றத் தொடங்கியது. உள்ளே ஓடி வந்து, நிலத்தில் காற்று வருகிற துவாரத்தில் கையை வைத்தேன். சூடு வந்தது. அப்பாடா என்று எழும்ப முன்னம் குளிர் காற்று அடித்தது.

அறைக்குள்ளிருந்து மகள் கேட்டாள். "வந்திட்டுதே அப்பா?"

"வந்தது. போயிட்டுது."

திரும்பவும் பின்பக்கம். திரும்பவும் பிளக். திரும்பவும் ஓட்டம்.

"முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுறியள்," என்றாள் மனுசி. "வீடு சூடாகாட்டிலும் நீங்கள் சூடாகியிடுவியள்."

மருமகன் திருத்துகிற ஆட்களுக்குப் போன் எடுத்தார். செவ்வாய்க்கிழமைதான் வருவோம் என்றார்கள். போனில் நின்றவன் ஒன்று மட்டும் கேட்டான். வீட்டுக் காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கிற கம்பித் தட்டு ஒன்று இருக்கும், அதை ஏதாவது அடைத்திருக்கிறதா? காற்று இழுக்க முடியாவிட்டால் மெஷின் மிஞ்சிச் சூடேறி நெருப்பைத் தானே நிறுத்திவிடுமாம்.

"அது எங்க மாமா இருக்கு?"

"தெரியாது."

வீடு வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்றை நான் தேடியதில்லை. மருமகன் கதிரையில் ஏறிக் கூரையைப் பார்த்தார். நான் உடுப்புத் தோய்க்கிற அறையில் பார்த்தேன். இல்லை. ஹீட்டர் குளிரை ஊதிக்கொண்டிருந்தது. நடைப் பெட்டியில் பன்னிரண்டு.

பிள்ளை எழும்பி அழுதது. மகள் தோளில் போட்டுக்கொண்டு நடையில் உலாவினாள். நடை முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இஞ்ச வாங்கோ. இந்த வேட்டியைப் பாருங்கோ."

அங்கேதான் சாமி அலுமாரி, நாலு காலில் நிற்கிறது. துடக்கு வரப்போகிறது என்று, மகள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே மனுசி அதை மூடிவிட்டிருந்தாள். மூடியது என் எட்டு முழ வேட்டியால். மேலிருந்து நிலம் வரை, சுற்றிவர. அந்த வேட்டி கால்களுக்கு நடுவால் இழுபட்டுச் சுவரோடு ஒட்டிப்போய் நின்றது. ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு வந்தேன். வேட்டி விழுந்து சும்மா தொங்கியது. குனிந்து பக்கத்தால் பார்த்தேன். பின்னால் கம்பித் தட்டு.

இத்தனை வருடமும் அலுமாரிக் கால்களுக்கு நடுவால் காற்றுப் போயிருக்கிறது.

"அது மூண்டு நாளா இழுபடுது," என்றாள் மனுசி. "நான் கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சாமி விசயம். உங்களிட்டச் சொல்லி என்ன?"

மருமகன் கையை நீட்டினார். "நான் தூக்கி விடட்டுமா அத்தை?"

"ஐயோ தம்பி, தொடாதேங்கோ! தகப்பனுக்கு இல்லாத துடக்கு வேற ஆருக்கு?"

"கமோன் அம்மா," என்றாள் மகள். "இட்ஸ் எ கிளோத்."

"நீ பிள்ளைப்பெத்தவள், தள்ளி நில்."

"தடியால தூக்குவம்," என்றேன்.

"தடியைப் பிடிக்கிறது ஆர்? நீங்கள்தானே."

மருமகன் திறப்பைக் கிலுக்கினார். மத்தியானம் கிட்டியிருந்தது.

எனக்குச் சாமியில் பெரிய பிடிப்பில்லை. ஒரே இழுவையில் இழுத்திருக்கலாம். ஆனால் நான் இங்கே இருந்த அந்த ஆறு வருடமும் மனுசி தனியாக அங்கே விளக்கு வைத்தவள். அவளுக்கு முன்னால் இழுக்கக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா, மலேசியாத் தமிழ், கிறிஸ்தவர். எங்கள் துடக்கு அவருக்கில்லை. கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒருக்கா வந்து ஒரு வேட்டியைத் தூக்கிவிட வேணும்."

"என்னா தம்பி, பட்டப்பகல்ல இப்படிக் கேக்கறீங்க?"

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்தினார். கொடிக் கிளிப் கொஞ்சம் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கேட்காமலே போய்க் கை கழுவினார். பிறகு அலுமாரிக்கு முன்னால் நின்று மனுசியைப் பார்த்தார்.

"சாமி மூஞ்சி தெரியக் கூடாது. அவ்வளவுதானே?"

"ஓம் அக்கா. கீழ மட்டும் தூக்கினாக் காணும்."

வேட்டியை அலுமாரி அடித்தட்டு மட்டும் மடித்துக் கிளிப் போட்டார். முன்னால், பின்னால், பக்கங்களில். கால்கள் வெளியே தெரிந்தன.

"முடிஞ்சிருச்சிலா. சாமிக்கு மடிச்சிக் கட்டியாச்சி."

மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் பின்பக்கம் போய்ப் பிளக்கைக் கொழுவினேன். டிக் டிக். பொக். இந்த முறை உள்ளே ஓடவில்லை. பெட்டியின் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நெருப்பு நின்றுவிடுமா, நின்றுவிடுமா என்று காது கொடுத்துக்கொண்டே நின்றேன். நிற்கவில்லை. கால் விறைத்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

அக்கா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மருமகன் நடைப் பெட்டிக்கு முன்னாலேயே நின்றார். பதின்மூன்று. பதினைந்து. மத்தியானம் தாண்டியது.

நான் குசினிக்கும் நடைக்குமாக நடந்தேன். ஒரு முறை போகும்போது கார்த் திறப்பு குசினி மேசையில் கிடந்தது. எப்போது வைத்தார் என்று காணவில்லை.

"அப்பா, நடந்தது போதும்," என்றாள் மகள். "இருந்து இவனைப் பிடியுங்கோ. எனக்குக் கை நோகுது."

நடையில் கதிரையைப் போட்டு இருந்தேன். மடியில் பிள்ளையை வைத்தாள். கால் இரண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. குளிராக இருந்தன. பிறகு குளிராக இல்லை.

நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தால் பிள்ளை எழும்பிவிடும்.

"தம்பி, எவ்வளவு?" என்றேன்.

மருமகன் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

இருபது.