சுவருக்கு மேலே வந்த ஜெபம்

ஈரக் கம்பளியும் பச்சை விறகுப் புகையும் கலந்த ஒரு வாடை. அதற்குள் "மஞ்சு" என்று நாங்கள் சொல்லும் மலைமூட்டம் கதவிடுக்கு வழியே விருந்தாளி போல நுழைந்து பாயில் உட்கார்ந்துகொள்ளும். தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலை எஸ்டேட்டின் "லயத்தில்", வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், தெய்வபயத்தையும் பேய்ப்பயத்தையும் நான் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டது இந்த வாடையில்தான். இன்றுவரை இரண்டையும் பிரித்தறிய முழுசாக வரவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. அதற்கு மேலே புகை, குழம்பு வாசம், தும்மல் எல்லாம் தாராளமாகப் போய்வந்தன. பேச்சு மட்டும் நின்றிருந்தது. பெரியம்மா இறந்து வருஷம் திரும்பியபோது பெரியப்பா வைத்த ஞாபகார்த்த ஜெபத்துக்கு அப்பா போகவில்லை. அத்தோடு அண்ணன் தம்பி உறவு முறிந்தது.

ஆனால் இருவரும் பக்திமான்கள். ஆகவே சண்டையைக் கர்த்தர் மூலமாகப் போட்டார்கள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அப்பா முகட்டைப் பார்த்துக் குரலை உயர்த்துவார்: "கர்த்தாவே, என் அண்ணனுடைய கல்லான இருதயத்தை உடைத்தருளும்!" சற்று நேரத்தில் சுவருக்கு மேலே பதில் வரும்: "ஆண்டவரே, பெருமைக்காரரைத் தாழ்த்தும்!" நான் பாரபட்சமில்லாமல் இரண்டுக்கும் "ஆமென்" போட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துப் பதில் நின்றுபோனது. இருமலும் இல்லை, விறகு முறிக்கும் சத்தமும் இல்லை. அப்பா இன்னும் பலமாக ஜெபித்தார்; வெறும் மஞ்சுதான் சுவரேறி வந்தது. பிறகு ஒரு சாயங்காலம், அவர் முடித்து வாய் மூடிய பின், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவருடைய குரலே திரும்பி வந்தது.

"கர்த்தாவே... என் கல்லான இருதயத்தை... உடைத்தருளும்."

எனக்கு "ஆமென்" வரவில்லை. அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

"சாத்தான்டி!" என்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்தார். "என் குரல எடுத்துப் பேசுது."

"எந்தச் சாத்தான் எங்கயாவது தன் இருதயத்த ஒடைக்கச் சொல்லி ஜெபம் பண்ணும்? ஒங்க அண்ணந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டதான. போயிப் பாருங்க."

"அவரு மொதல்ல பேசட்டும். இல்ல, கர்த்தர் சொல்லட்டும், போறேன்."

"கர்த்தர் சொல்லியாச்சு. சகோதரனோட மனத்தாங்கல் இருந்தா காணிக்கைய வச்சுட்டு மொதல்ல அதச் சரிபண்ணுன்னு போன ஞாயித்துக்கெழம கோயில்ல நின்னு வாசிச்சது யாரு? நான் வாசிச்சனா? ஏட்டி, வெளக்க எடு."

வெளியே மஞ்சில் விளக்கு வெளிச்சம் என் கைவரைதான் போனது. பெரியப்பா வீட்டுக் கதவு தாழிடாமல் கிடந்தது. அணைந்த அடுப்பருகே கம்பளி மூட்டை ஒன்று மூச்சுவிட்டது. பெரியப்பாவின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

அப்பா வாசலிலேயே நின்றார். கீழ்ப்படிதல் அங்கேதான் முரண்டு பிடித்தது போலும். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, எம்மேல அப்பிடி என்ன கோவம்?"

"ஒங்க அண்ணி ஜெபத்துக்கு ஏன்டா வரல?"

"நீ லயம் பூராவும் சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

பெரியப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். "வெளியாளுக்குத்தானடா சொல்லணும். நீ வீட்டாளுல்ல?"

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து சொன்னாள்: "இம்புட்டு நாளும் சொவத்துக்கு மேல கத்துனதுக்கு வாசல் வழியா ஒருநா வந்திருக்கலாம். நல்ல கிறிஸ்தவங்க!"

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. அதன்பின் எங்கள் வீட்டு ஜெபத்தில் பெரியப்பாவின் "ஆமென்" என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நான் மட்டும் பழக்கதோஷத்தில் சுவரின் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த லயத்தில் சுவர்களைக் கூரைவரை எழுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டுத் தும்மல் மறுவீட்டுக்குக் கேட்பதில்லை. அண்ணன் தம்பி இருவரும் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள், நடுவே சுவரில்லாமல். போடியில் என் அடுக்குமாடி வீட்டிலும் சுவர்கள் கெட்டி. சாயங்காலம் ஜெபம் முடிந்தபின் ஒரு கணம் காதைக் கொடுத்து நிற்கிறேன். ஒன்றும் வருவதில்லை. அந்த நிசப்தம் பொறுக்காமல் சில நாள் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறேன்.

தயிருக்கு உறை கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அவர்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள்.