மடித்த இலை

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. என் மனைவியின் இதயத்துடிப்பு சீராக இல்லையென்றும், உடல் எடையைக் குறைத்தால் உறக்கமும் சீர்படும் என்றும் மருத்துவர் கூறினார். படுத்தால் மூச்சு முட்டுமென்று நாற்காலியிலேயே உறங்கியவள், பல மாதங்கள் உணவைக் குறைத்த பிறகு படுத்துறங்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போது காஜா பேராங் என்ற ஊரில் ஒரு திருமண விருந்து. பந்தியில் அவளுடைய அண்ணன் எல்லோரும் கேட்கச் சிரித்தார்.

"என்னா மச்சான், என் தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லையா? எலும்பும் தோலுமா நிக்குதே!"

"அண்ணே, டாக்டர்தான் சொன்னாரு..." என்றாள் என் மனைவி.

"டாக்டர் கெடக்கான் லா, நீ சாப்புடு!"

அவள் இலையில் நெய் லட்டுகளைக் குவித்தார். என் மானத்தைக் காக்க அவள் ஒன்றை எடுத்தாள். நான் அவள் கையைத் தடுத்து, லட்டுகளோடு இலையை மடித்தேன்.

"பந்தியை அவமதிச்சிட்டியே!" என்று அவள் அண்ணன் கத்தினார்.

அந்த அவமதிப்பை உறவினர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவள் நாற்காலியில் உறங்கிய காலத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.