சுலைமானிக் கல் சிவந்த மத்தியானம்

தாராவியில் மூன்று மாடி வீடு, செம்பூரில் கிரானைட் பட்டறை, நான்கு தங்கைகளின் கல்யாணம். எல்லாம் நான் ஒருவன் நிமிர்த்தியது. நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். இரண்டு தடவை முனிசிபாலிட்டி இடித்த இடத்திலேயே திரும்பவும் செங்கல் அடுக்கியவன். ஆனால் பத்து வயதில் நான் செய்ததை இதுவரை ஒருத்தரும் பேசியதில்லை.

சீனச் சண்டைக்கு மறுவருஷம். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்திக்கு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதும் உதிரம் காட்டியது. கல் மெருகேற்றும் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு சுலைமானிக் கல்லைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் கட்டினார். மங்கிய சிவப்பு, நடுவில் வெள்ளை வளையம். இரும்பால் கீறினாலும் கோடு விழாது. சித்தியின் காய்ச்சல் உடம்பிலும் அது சில்லென்றே கிடந்தது. சிவந்தால் பிள்ளை தங்கும், வெளுத்தால் தங்காது என்று பட்டறையில் பேச்சு. தினமும் விடிந்ததும் சித்தப்பா பார்ப்பார். பிறகு வேலைக்குப் போவார். வளையம் நாளுக்கு நாள் அகலமாவதுபோல எனக்கும் தெரிந்தது. இமைக்காத கண் மாதிரி இருக்கும்.

பட்டறைக்குச் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன்: மங்கிய கற்களைச் சட்டியில் சாம்பலோடு சூடேற்றுவார்கள், சிவந்து வரும். அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும் என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போனதும், தூங்கிய சித்தியிடமிருந்து கல்லை அவிழ்த்துச் சிக்டி என்ற கரியடுப்பின் சாம்பலில் புதைத்தேன். கரி வெடித்தது, சித்தி முனகினாள். மறுபடி வெடித்தது, மறுபடி முனகினாள். கல் பிளந்தால் உள்ளே பிள்ளையும் பிளக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எடுக்கவும் பயம், விடவும் பயம். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாசலில் குடம் இடிபட்ட சத்தம் கேட்டதும் இடுக்கியால் இழுத்துவிட்டேன்.

கல் வெடிக்கவில்லை. ரத்தமாகச் சிவந்திருந்தது. வளையம் மட்டும் எலும்பு வெள்ளை.

சித்தி விழித்துக் கை நீட்டினாள். கல்லை வாங்கி இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"செவந்துட்டுல்லா. ஒன் சித்தப்பாகிட்ட நானே சொல்லுதேன். நீ வாயத் தொறக்காதல."

கல் தானாகச் சிவந்தது என்று சித்தி சொல்ல, அன்று சித்தப்பா அதைப் பார்த்து அழுதார். சித்தி எழுந்து கஞ்சி குடித்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்திருந்ததை மறுநாள்தான் கண்டேன். அவ்வளவு சூட்டிலும் ஏன் கையை விரிக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை தங்கியது. இன்று அவன் விக்ரோலியில் பேரன் எடுத்துவிட்டான்; அந்தக் கல்லுக்கு வெள்ளிப் பெட்டி செய்து பூ வைக்கிறான். வைக்கட்டும். ஆனால் கல் தானாகச் சிவந்தது என்று பேரனுக்குக் கதை சொல்லக் கூடாது. சிவக்க வைத்தது நான். என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பூ வைக்க வேண்டும்.