கிடை மறித்த கொல்லையில் தடம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல்கடை மாடியில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். கடைக்காரர், அவருடைய மச்சான், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், நான். மச்சான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாங்கள் ஆடுவது கதை சொல்லும் ஆட்டம். கதையை நான் நடத்துவேன், மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்ததோடு அவரவர் திறமைக்கான புள்ளியைக் கூட்டி, நான் சொன்ன எண்ணை எட்டினால் காரியம் ஜெயம்.

அந்த எண்ணைச் சொல்வதில்தான் கதை நடத்துகிறவரின் யோக்கியதை தெரியும். ஆளைப் பார்த்து எடை போடுகிற கடைக்காரர்கள் இந்த ஆட்டத்திலும் உண்டு. திறமை ஏற ஏற எண்ணையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு திறமை எதற்கு? என் கட்சி வேறு. திறமை ஆளுடையது, கஷ்டம் மண்ணுடையது. யார் தடம் தேடினாலும் மொட்டைப் பாறை மொட்டைப் பாறைதான். இதில் என்னை அசைக்க முடியாது, முயன்றவர்கள் சொல்வார்கள்.

விதிப்புத்தகத்தில் உறைபனியில் தடம் பார்ப்பது சுலபம் என்று போட்டிருந்தது. செஞ்சியில் உறைபனி ஐஸ் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு எங்கள் மண்ணுக்கு நாங்களே கணக்குப் போட்டோம். உருட்டுவதற்கு முன்னால் நிலம் எப்படி, மழை உண்டா, போய் எத்தனை நாழியாச்சு என்று நால்வரும் வாய்ச்சண்டை போடுவோம். முடிவில் நான் ஓர் எண்ணைச் சொல்வேன். சொன்னால் சொன்னதுதான், பகடை எல்லார் கண் முன்னாலும் விழும்.

மருந்துக்கடைப் பெண்ணின் பாத்திரம் தடம் பார்ப்பவள். முதல் நாளே கதையில் அவளுடைய தம்பி காணாமல் போனான். அவனைத் தேடித்தான் அவள் இரண்டு வருஷமாக ஆடினாள். இதற்குள் அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் சாயங்காலம் பஸ். தம்பி கிடைக்க அதுதான் கடைசி ஆட்டம்.

தடம் ஊருக்கு வெளியே ஒரு மானாவாரிக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. தம்பி அந்த வழியாகத்தான் போனான், பின்னால் மழை பெய்தது, அதற்கும் பின்னால் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை மறித்திருக்கிறார்கள் என்றேன்.

மச்சான் முந்திக்கொண்டார். "மழை பெஞ்சிருக்குது இல்ல, ஈர மண்ணுல காலு நல்லா பதியும். பன்னெண்டு வைங்க அக்கா, போதும்."

"கேளும்மா, அழுத புள்ளதான் பால் குடிக்கும்," என்று கடைக்காரர் அவளைத் தூண்டினார். அவளுடைய திறமைப் புள்ளி ஆறு. பன்னிரண்டு என்றால் பகடையில் ஆறு விழுந்தாலே போதும். வாதம் ஓட்டை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது உண்மை.

அவள்தான் பேசினாள். "இன்னா அண்ணே நீ? அவன் போனப்புறம்தானே மழை? இருந்த தடமும் கரைஞ்சிருக்கும். அதுக்கு மேல நூறு ஆடு மிதிச்சிருக்குது. நீ கிடை போட்ட கொல்லைய பார்த்ததே இல்லியா?"

மச்சானுக்குக் கோபம். "உனக்குத்தான் பேசறேன், எனக்கே எதிரா பேசற!"

"சும்மா குடுத்தா எனக்கு வேணாம்."

நான் பதினேழு என்றேன். அவளுடைய ஆறு போகப் பதினொன்று விழ வேண்டும், பாதிக்குப் பாதி. பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதினாள், உருட்டினாள். ஒன்பது.

கடைக்காரர் பகடையைப் பொறுக்கி மறுபடியும் அவள் கையில் திணித்தார். "இன்னொரு தபா போடு. ஊருக்குப் போற பொண்ணு, யாரு கேக்கப் போறாங்க?" அவள் அதை டப்பாவில் போட்டு மூடினாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். கதைக்குள் ஆடு மேய்க்கிறவன் ஒருவனை அனுப்பி வழி சொல்ல வைக்க எனக்கு அதிகாரம் இருந்தது. "தடம் கிடை வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அதுக்கு மேல ஆட்டுக் குளம்புதான்," என்றேன். அவள் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் அன்று என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். இன்றைக்குக் கேட்டாலும் பதினேழுதான் சொல்வேன்.

பஸ் ஏற்ற நான் மட்டும் போனேன். ஓசூருக்குத் திருவண்ணாமலை போய் மாற வேண்டும், அந்த பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அக்கா, அவன் உசுரோட இருக்கானா?"

நான் வாயைத் திறந்ததும் அவளே கையால் பொத்திவிட்டாள். "வேணாம், சொல்லாத. லீவுல வந்து நானே தேடிக்கறேன்."

பொங்கல் வந்து போனது, ஆடி வந்து போனது, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் எல்லாம் பேசுகிறோம், இதைத் தவிர. அவன் உயிரோடுதான் இருக்கிறான். அந்தக் கொல்லையைத் தாண்டினால் முதல் பாறை, அதன் மறைவில்தான் தன் அக்கா வருவாள் என்று உட்கார்ந்திருந்தான்.